முருங்கைப் போத்தும் தேன்சிட்டும்

லூமுட் வட்டார நேயர்களே, கடலோர மணலில் என்ன வளரும் என்று யோசிக்கிறீர்களா? முருங்கை வளரும். விதைகூட வேண்டாம். முற்றிய கிளையை ஒரு மீட்டர் நீளத்துக்கு வெட்டி, சில நாள் நிழலில் போட்டுவைத்து, தண்ணீர் தேங்காத இடத்தில் ஊன்றினால் துளிர்த்துவிடும்.

கறிவேப்பிலைக்கும் விதை வேண்டாம்; வேரிலிருந்து பக்கக் கன்று விடும். அதைப் பெயர்த்துப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுங்கள். மலாய்க்கார அண்டை வீட்டாரிடமும் வேண்டுமா என்று கேளுங்கள். மீன்கறிக்கு அவர்களுக்கும் அது வேண்டும்.

வேலியோரம் ஒரு செம்பருத்தி. 1960 முதல் அதுதான் நம் மலேசியாவின் தேசிய மலர். தேன்சிட்டு அதைத் தேடி வரும். சிலசமயம் துணி காயப்போடும் கொடியிலேயே பைபோலக் கூடு கட்டித் தொங்கவிடும். குஞ்சு பறக்கும்வரை துணிக்கு வேறு கொடி கட்டிக்கொள்ளுங்கள்!