பெட்டகத்தின் முதுகைப் பார்த்தீர்களா? பழைய மரப்பெட்டி வாங்கப் போகிறவர்களுக்கு... தெரியுமா?

சங்கரன்கோவிலுக்கு வந்து கோமதியம்மனைக் கும்பிட்டவர்கள் கையோடு எடுத்துப் போகும் பிரசாதம் புற்றுமண். அந்தப் புற்றைக் கட்டியது யார் தெரியுமா? பாம்பு இல்லை, கறையான்! பாம்பு பிறகு குடிபுகுந்தது. கோயிலில் கறையானின் கைவேலை நெற்றிக்கு ஏறுகிறது. அதே கறையான் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் தாத்தா காலத்து அலமாரி நாலே மாதத்தில் சல்லடை.

ஆனால் கறையானே வேண்டாம் என்று ஒதுக்கும் மரம் ஒன்று இருக்கிறது தெரியுமா? தேக்கு. அதன் உள்கட்டையில் எண்ணெய்ப்பசையோடு டெக்டோகுவினோன் என்ற இயற்கை வேதிப்பொருளும் ஊறிக் கிடக்கிறது. கறையானுக்கு அது ஆகாது. தேக்குக்கு எத்தனை ஆயுள் என்று கேட்கிறீர்களா? 1817-இல் பம்பாயில் வாடியா குடும்பத்துக் கப்பல் தச்சர்கள் மலபார்த் தேக்கில் ஒரு போர்க்கப்பல் கட்டினார்கள். பெயர் டிரிங்கோமலி. நெப்போலியன் போர்களில் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்ததால் வேலை இங்கே வந்தது. 200 ஆண்டு தாண்டியும் அந்தக் கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் இன்றும் மிதக்கிறது! கடல் தண்ணீரிலேயே இந்தக் கதை என்றால், உங்கள் வீட்டு மச்சில் சும்மா கிடக்கும் பெட்டிக்கு என்ன கேடு?

கொஞ்சம் பொறுங்கள். "தேக்கு" என்று கடைக்காரர் சொன்னதும் பணத்தை எண்ண வேண்டாம். கறையானை விரட்டும் சரக்கு வைரம் பாய்ந்த உள்கட்டையில்தான் இருக்கிறது. வெளிறிய வெளிக்கட்டையில் மாவுச்சத்துதான். உளுத்துப் போக வைக்கும் வண்டுக்கு அது விருந்து. அந்த வண்டு உள்ளே இருக்கிறதா, எப்போதோ காலி செய்துவிட்டுப் போய்விட்டதா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. பெட்டியின் அடியில் கறுப்புத் துணியையோ காகிதத்தையோ விரித்து, மரத்தை லேசாகத் தட்டி, சில நாள் விட்டுப் பாருங்கள். முகப்பவுடர் போல மெல்லிய புதுத் தூள் கொட்டினால் ஆள் உள்ளேயே இருக்கிறார். ஓட்டை மட்டும் இருந்து, விளிம்பு கறுத்து, தூளும் இல்லை என்றால் பெரும்பாலும் பழைய கதை.

அருங்காட்சியகங்கள் இந்த வண்டை மருந்தே அடிக்காமல் கொல்கின்றன தெரியுமா? பொருளைக் காற்றுப் புகாத உறையில் போட்டு நைட்ரஜனை நிரப்பி விடுகிறார்கள். பிராணவாயு இல்லாமல் முட்டை முதல் வண்டு வரை எல்லாம் காலி.

இப்போது கடைக்குப் போவோம். நம் ஊர்ப் பக்கத்திலிருந்து பழம்பொருள் தேடுகிறவர்கள் கடைசியில் போய்ச் சேரும் இடம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டித் தொழில் செய்த நகரத்தார், பர்மாத் தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து வீடு கட்டினார்கள். அந்த வீடுகள் பல பாகமாகி, பூட்டப்பட்டு, இடிக்கப்பட்டபோது தூண், கதவு, பெட்டகம், எனாமல் சட்டி, கல்லாப்பெட்டி என்று எல்லாமே தெருவுக்கு வந்தன. ஒவ்வொரு வீட்டிலும் இவ்வளவு பெட்டிகள் எதற்கு என்று தோன்றும். கல்யாணமான ஒவ்வொரு மகனும் அந்தக் கூரைக்குள்ளேயே ஒரு தனிப் 'புள்ளி', அதாவது தனிக் குடும்பம். சாமான் வைக்க அவனுக்குத் தனி அறை. பெண் கொண்டுவரும் சீர் முழுவதையும் அடுக்க இடம் வேண்டாமா?

அந்தத் தெருவில் நிற்கும் எல்லாமே பழசா? அடடா, இதுதான் சுவாரசியமான இடம்! பழைய பெட்டியின் வயதை முகத்தில் தேடக் கூடாது. முகத்தை யார் வேண்டுமானாலும் கறுப்பாக்கலாம். முதுகைப் பாருங்கள், அடிப்பலகையைப் பாருங்கள், இழுப்பறையை வெளியே உருவித் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். சுவரோடு சாத்தி வைக்கும் பக்கத்துக்கு அந்தக் காலத்து ஆசாரி பாலிஷ் போட்டு நேரத்தை வீணாக்கியதில்லை. அங்கே விரலை ஓட்டினால் இழைப்புளி ஓடிய மேடு பள்ளம் தட்டுப்படும். கண்ணால் தெரியாது, விரலுக்குத் தெரியும். ரம்பத் தடம் நேர்கோடாக, ஒழுங்கில்லாமல் கிடந்தால் ஆள் இழுத்து அறுத்த பலகை. வளைவு வளைவாக ஒரே சீராக இருந்தால் வட்ட ரம்பம் ஓடிய மில் பலகை.

ஸ்குருவைப் பார்க்க மறக்காதீர்கள். "150 வருஷத்துப் பெட்டி சார்" என்கிறாரா? கீலில் இருக்கும் ஸ்குருவின் தலையில் கூட்டல் குறி தெரிகிறதா? அமெரிக்காவின் ஹென்றி பிலிப்ஸ் அந்தக் கூட்டல் குறி ஸ்குருவுக்குக் காப்புரிமை பெற்றது 1936-இல்! கீல் மட்டும் பின்னால் மாற்றியதாகவும் இருக்கலாம். அதனால் உடனே சண்டைக்குப் போக வேண்டாம். ஆனால் விலை பேச அது நல்ல சாக்கு. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தைய ஸ்குருவுக்குக் கூர்முனையே கிடையாது, மொட்டை முனை. பழைய நல்ல பெட்டியில் மூலைகளுக்கு ஸ்குருவே தேவைப்படாது. புறாவின் வால் போல் விரித்து வெட்டிய பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும். சட்டங்களில் கழுந்தும் துளையும். பற்கள் எல்லாம் ஒரே அளவாக இருந்தால் மெஷின், கொஞ்சம் ஏறுமாறாக இருந்தால் மனுஷக் கை.

மரம் ஒரு பக்கமாக மட்டும் சுருங்கும் என்பது தெரியுமா? நாரின் நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்கவே சுருங்காது, குறுக்குவாக்கில் சுருங்கும். அதனால் நூறு வருஷத்து வட்டமான மூடியை டேப்பில் அளந்தால் வட்டமாகவே இருக்காது, நூலளவு நீள்வட்டம். துல்லியமான வட்டம் கிடைத்தால் சந்தேகப்படலாம்.

பித்தளைப் பூண் போட்டிருக்கிறதா? சட்டைப்பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டினால் இரும்புக்கு மேல் பூசிய மஞ்சள். வழவழவென்ற பளபளப்பு பழசா புதுசா என்று தெரிய, கண்ணில் படாத மூலையில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேயுங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ். அசையாமல் இருந்தால் அநேகமாக இந்தக் காலத்து ரசாயனப் பூச்சு. அந்த அரக்கு எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஜார்க்கண்ட் பக்கத்துப் பலாச மரங்களில் ஒட்டிக்கொண்டு வாழும் குட்டியூண்டு பூச்சியின் உடல் கசிவு! அதே அரக்கில்தான் ஒரு காலத்தில் கிராமபோன் தட்டுகளையும் வார்த்தார்கள். வாங்கி வந்த கையோடு அந்தப் பூச்சை உப்புத்தாள் போட்டு உரித்து "புதுசு" பண்ணுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பச்சையோ வெள்ளையோ பெயின்ட் அடித்த பழைய பெட்டி என்றால் இன்னும் கவனம். அந்தக் காலப் பெயின்டில் ஈயம் இருக்கும். சுரண்டினால் தூள் குழந்தைகளின் வாய்க்குள் போகும்.

எந்த மரம்? ஈட்டி என்கிற தோதகத்தி கருஞ்சிவப்பு, தேக்கைவிடக் கனம், விலையும் அதற்கேற்ப. பலா புதிதாக அறுக்கும்போது மஞ்சள், வயதாக ஆகப் பழுப்பு. தஞ்சாவூர் வீணை செய்வதும் பலாவில்தான், தென்கிழக்காசிய நாடுகளில் புத்த பிக்குகளின் ஆடைக்குச் சாயம் இறக்கியதும் அதே மஞ்சளில்தான். நமக்கு மலை தாண்டினால் கேரளம். செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர். அதனால் இந்தப் பக்கத்து வீடுகளில் மலையாளத்துப் பெட்டிகள் தலைகாட்டினால் ஆச்சரியமில்லை. நெட்டூர்ப் பெட்டி பார்த்திருக்கிறீர்களா? மூடி அப்படியே கேரளக் கோயில் கூரை! அங்கேதான் நிலம்பூரில், 1840-களில் கலெக்டர் கனோலி ஆள் வைத்துத் தேக்கு நட்டார். உலகத்தின் முதல் தேக்குத் தோட்டம் அதுதான் என்கிறார்கள். அந்த மரங்களில் ஒரு பகுதியை இன்றும் போய்ப் பார்க்கலாம்.

எல்லாச் சேமிப்பும் மரத்தில்தான் என்று நினைத்துவிடாதீர்கள்! நம் கரிசல் காட்டுக்காரர்கள் கம்பையும் சோளத்தையும் கொட்டி வைத்தது மண்ணில் வைக்கோல் குழைத்துக் கட்டிய குலுக்கையில். அதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. தானியம் போடுவது மேல்வாய் வழியாக, எடுப்பது அடியில் உள்ள துளை வழியாக. போன வருஷத் தானியம் தானாக முதலில் வெளியே வரும், புதுசு மேலேயே காத்திருக்கும். இன்றைய பெரிய கிடங்குகள் கணினி வைத்துச் செய்யும் வேலையை ஒரு மண்பானை செய்தது! இதையே செங்கலில் பிரம்மாண்டமாகப் பார்க்க வேண்டுமா? பாபநாசத்துக்குப் போங்கள். நம் தாமிரபரணிப் பாபநாசம் இல்லை, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசம். நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் அங்கே 36 அடி உயரத்துக்குக் கூம்புத் தலையோடு நிற்கிறது. கொள்ளளவு 3000 கலம்.

ஜப்பானில் பெட்டிக்குச் சக்கரம் வைத்தார்கள். தீப்பிடித்தால் சொத்தை அப்படியே உருட்டிக்கொண்டு ஓடலாம் அல்லவா? 1657-இல் எடோ நகரம் பற்றி எரிந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் பெட்டியை உருட்டினார்கள். தெருக்கள் அடைத்துக்கொண்டன, ஜனங்கள் தப்ப முடியவில்லை. பிறகு சக்கரப் பெட்டிக்கே தடை விதித்தது அரசு.

பூட்டின் கதை இன்னும் கூத்து. 1851-இல் லண்டன் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டுக்காரர் ஹாப்ஸ், யாராலும் திறக்க முடியாது என்று பேர் வாங்கியிருந்த சப் கம்பெனிப் பூட்டைச் சில நிமிடங்களில் திறந்துவிட்டார். பிராமா என்ற இன்னொரு பூட்டுக்கு மட்டும் நாள்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. நமக்கு எதற்கு லண்டன்? கையால் செய்யும் திண்டுக்கல் பூட்டு இருக்கிறது, 2019-இல் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. பழைய பெட்டிக்குச் சாவி தொலைந்திருந்தால் பூட்டை உடைக்காதீர்கள். பழைய பூட்டு தெரிந்த ஆளிடம் புதுச் சாவி வெட்டலாம். மூலப் பூட்டோடு இருக்கும் பெட்டிக்குத் தனி மதிப்பு.

இரும்பு பீரோவையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாமா என்றால், நான் சேர்ப்பேன். 1897-இல் பூட்டில் தொடங்கிய கோத்ரெஜ், 1923-இல் எஃகு அலமாரிக்கு வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கு லட்சக்கணக்கில் ஓட்டுப்பெட்டி செய்து கொடுத்ததும் அதே கம்பெனிதான்! அம்மாவின் கல்யாணச் சீரில் வந்த, கண்ணாடி பதித்த பீரோவைப் பழைய இரும்புக்காரருக்குப் போடும் முன் ஒரு தடவை யோசியுங்கள். தகடு இன்றைய பல பீரோக்களைவிடத் தடிமனாக இருக்கும்.

வாங்குவது என்று முடிவாகிவிட்டால் முதலில் அளக்க வேண்டியது பெட்டியை இல்லை, உங்கள் வாசலையும் மாடிப்படித் திருப்பத்தையும். பத்தாயம் என்கிற பெரிய தானியப் பெட்டி என்றால் பலகைகளைக் கழற்றி மாட்ட முடியுமா என்று கேளுங்கள். உள்ளே எதை வைக்கப் போகிறீர்கள் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். ஆழமான பெட்டகம் போர்வைக்கும் பாய்க்கும் சரி, தினம் எடுக்கும் சட்டைக்குச் சரிப்படாது, அடியில் இருப்பது அடியிலேயே இருந்துவிடும். சாய்வு மூடிக் கல்லாப்பெட்டி சின்னதுதான். ஆனால் சிலவற்றில் அடியறைக்குப் பின்னால் ரகசிய அறை இருக்கும், உள்ளேயும் வெளியேயும் ஆழத்தை அளந்தால் வித்தியாசம் காட்டிக் கொடுக்கும்!

அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு ஒன்றைப் பார்சல் போடலாமா? அவசரப்படாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, கலை, கைவினை, வரலாற்று மதிப்புள்ள பொருள் நூறு வருஷத்துக்குக் குறையாமல் பழசு என்றால் தொல்பொருள் ஆகிவிடலாம். தனி ஆள் அதை நாட்டை விட்டு அனுப்ப முடியாது. நூறு ஆகவில்லையா? சுங்கத்தில் கேள்வி எழாமலிருக்க, தொல்பொருள் இல்லை என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிக்கொள்வது நல்லது. அதுவும் ஈட்டி மரம் என்றால் தனித் தலைவலி. 2017 முதல் அந்த மரத்தின் பேரினம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. கடைக்காரர் தேக்கு என்று சொல்லி விற்ற பெட்டி ஈட்டியா என்பதை விமான நிலையத்தில் தெரிந்துகொள்வதைவிட, ஊரிலேயே ஒரு ஆசாரியைக் கூப்பிட்டு அடிப்பலகையில் நகத்தளவு இழைத்துப் பார்த்துக்கொள்வது மலிவு.