டேப் அடித்தால் வருவது பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?

கொழிஞ்சாம்பாறை, மறையூர்ப் பக்கத்தில் தமிழ் மீடியம் படித்த பிள்ளைகளுக்கு நான் டேட்டாபேஸ் சொல்லிக்கொடுக்கிறேன். கேரள அரசுப் பள்ளிகளில் லினக்ஸ் பழகி வந்தவர்கள். கேரள அரசின் கைட் நிறுவனத்தின் கணினிப் பாடநூலைத் தமிழிலேயே படித்தவர்கள். கருப்புத் திரைக்கு மிரள மாட்டார்கள். அவர்களைத் தடுமாற வைப்பது ஆங்கில எழுத்தின் இரண்டு உருவங்கள்தான்.

மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊர்ப் பெண் ஒருத்தி வெல்ல ஆலைகளின் கணக்குக்காக, கரும்பு என்ற பெயரை ஆங்கில எழுத்தில் வைத்து போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸில் டேபிள் போட்டாள். முதல் எழுத்து பெரியது, சுற்றி இரட்டை மேற்கோள். அடுத்த வகுப்பில் மேற்கோளை விட்டுவிட்டு அடித்தாள். அப்படி டேபிளே இல்லை என்று பதில் வந்தது. "சார், நான்தானே போட்டேன்!" என்று பதறிவிட்டாள்.

மேற்கோள் இல்லாத பெயரைப் போஸ்ட்கிரஸ் சின்ன எழுத்தாக்கிவிட்டுத்தான் தேடும். மேற்கோளுக்குள் இருப்பதைத் தொடாது. ஆரக்கிள் டேட்டாபேஸ் இதற்கு நேர்மாறு, பெரிய எழுத்தாக்கும். எஸ்க்யூஎல் தரநிலை சொல்வதும் அதையேதான்.

அடிக்கும் சொல்லை நிரப்பித் தரும் டேப் விசையிலும் இதே பெரியது சின்னது கேள்வி எழும். போஸ்ட்கிரஸின் கட்டளைத் திரையான பிஎஸ்க்யூஎல்லில் 'செலக்ட்' என்பதன் முதல் மூன்று எழுத்தைச் சின்னதாக அடித்து டேப் தட்டினால், மிச்சமும் சின்ன எழுத்தில் வரும். பெரியதாக அடித்தால் பெரியதாக வரும். ஒன்றுமே அடிக்காமல் தட்டினால் பெரிய எழுத்துதான். இதை மாற்ற 2012-இல் வந்த 9.2 பதிப்பிலேயே ஒரு அமைப்பு உண்டு: எப்போதும் சின்னது, எப்போதும் பெரியது, அல்லது நம் கையைப் பின்பற்றுவது. பின்பற்றுவதே நல்லது என்பேன். பிள்ளைகள் தாங்கள் அடித்ததும் திரையில் வந்ததும் ஒன்றாக இருப்பதைப் பார்க்க வேண்டும்.

ஆனால் இந்த அமைப்பு கட்டளைச் சொற்களுக்கு மட்டும். டேபிள் பெயர் விஷயம் வேறு. 2022-இல் வந்த 15-ஆம் பதிப்பிலிருந்து, மேற்கோள் இல்லாமல் பெரிய எழுத்தில் தொடங்கினாலும் சின்ன எழுத்துப் பெயரை டேப் சரியாகக் கண்டுபிடித்து நிரப்புகிறது. பழைய பதிப்பில் டேப்பைத் தட்டித் தட்டி விரல்தான் வலிக்கும்.

டேபிளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்று சொன்னால் பிள்ளைகளின் முகம் மலர்கிறது. நம் எழுத்தில் பெரியது சின்னது கிடையாது. மேற்கோள் இட்டாலும் விட்டாலும் ஒரே டேபிள்தான். பெயர் மட்டும் சுருக்கமாக இருக்கட்டும். ஒரு பெயருக்கு 63 பைட் வரைதான் இடம். தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். புள்ளியும் கொம்பும்கூடத் தனிக் கணக்கு. 'கரும்பு' என்பதற்கே 21 பைட் போய்விடும். 63-ஐத் தாண்டினால் வால் வெட்டுப்படும்.