யூரியா போட்டும் கோ-4 புல் ஏன் குட்டையாகவே நிற்கிறது?

ஊரில் அப்பா நாலு கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கும், ஐடி வேலைக்கு நடுவே பால்பண்ணை வீடியோ பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் கோ-4 புதிய பெயர் அல்ல. கம்பையும் நேப்பியர் புல்லையும் ஒட்டுச் சேர்த்து, கோவை வேளாண் பல்கலைக்கழகம் 2008-ல் வெளியிட்ட தீவனப்புல் அது. கரணை நட்டு 75, 80 நாளில் முதல் அறுப்பு. அப்புறம் 45 நாளைக்கு ஒருமுறை.

முதல் வருஷம் ஆள் உயரத்துக்கு வளரும். இரண்டாம், மூன்றாம் வருஷத்தில் தூர் மெலியும், அடி இலைகளின் ஓரம் கருகும். "யூரியா போட்டுக்கிட்டேதானே இருக்கோம்?" என்ற கேள்வி அப்போதுதான் வரும்.

பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது: யூரியா மட்டும்தான் போடுகிறார்கள்.

புல்லோடு போவது என்ன?

நெல்லில் வைக்கோலாவது வயலுக்குத் திரும்ப வாய்ப்பு உண்டு. தீவனப்புல்லில் தண்டு, இலை எல்லாமே வெளியே போகிறது, அதுவும் வருஷத்துக்கு ஏழு முறை. ஏக்கருக்கு 100 டன் பச்சைப்புல் என்று வைத்தால், ஈரம் போக சுமார் 20 டன். அதில் தழைச்சத்து ஏறத்தாழ 300 கிலோ. சாம்பல்சத்தும் கிட்டத்தட்ட அதே அளவு, சில வயல்களில் அதற்கும் மேல். மணிச்சத்து 50 கிலோவை ஒட்டி வரும்.

யூரியா இதில் தழைச்சத்தை மட்டுமே ஈடுகட்டும். மற்ற இரண்டையும் மண் தன் கையிருப்பிலிருந்து கொடுத்துக்கொண்டே வரும், ஒருநாள் கொடுக்க முடியாமல் போகும்வரை. இலை ஓரம் கருகுவது சாம்பல்சத்துப் பற்றாக்குறையின் அடையாளம்.

விவசாயியை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. 50 கிலோ பொட்டாஷ் மூட்டை 1,500 ரூபாயைத் தாண்டுகிறது. 2010-ல் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது யூரியாவை மட்டும் பழைய விலைக் கட்டுப்பாட்டிலேயே அரசு வைத்துக்கொண்டது. போட்ட சில நாளில் பச்சைப்பசேல்னு ஆவதும் யூரியாதான். கை அங்கேதான் போகும்.

மாட்டுக்கு என்ன ஆபத்து?

மகசூல் குறைவதைவிடப் பெரிய விஷயம் இது. அளவுக்கு மீறி யூரியா போட்டு, வறட்சியில் புல் வாடினால், உறிஞ்சிய தழைச்சத்து புரதமாக மாறாமல் நைட்ரேட்டாகத் தண்டின் அடிப்பகுதியில் தேங்கும். மழை பெய்து துளிர்க்கும் முதல் சில நாட்களிலும் இதே நிலைதான். மாட்டின் வயிற்றில் அது நைட்ரைட்டாகி, ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுத்துவிடும். மூச்சு வாங்கும், உடம்பு நடுங்கும், ரத்தம் சாக்லேட் நிறமாகும். உடனே கால்நடை மருத்துவர் வந்து மெத்திலீன் புளூ ஊசி போட்டால் பிழைக்கலாம். புல்லைக் காயவைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இங்கே உதவாது. காய்ந்தாலும் நைட்ரேட் அப்படியே இருக்கும்.

அப்போ பொட்டாஷை அள்ளிக் கொட்டலாமா?

அதுவும் கூடாது. ஒரே தடவையில் கொட்டினால் புல் தேவைக்கு மேல் உறிஞ்சிக்கொள்ளும். மெக்னீசியம் ஏறுவது குறையும். மண் பரிசோதனை பார்த்து, அறுப்புகளுக்கு இடையே பிரித்துப் போடுவதே சரி. நடவின்போது ஏக்கருக்கு 10 டன் தொழுவுரம் என்பதையும் விடக்கூடாது.

காசு செலவில்லாத வழி ஒன்று தொழுவத்திலேயே இருக்கிறது. மாடு தின்ற சாம்பல்சத்தில் பெரும்பகுதி கோமியத்தில்தான் வெளியேறுகிறது. பல வீடுகளில் அது சாணம் கழுவிய தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விடும். ஒரு தொட்டியில் பிடித்து, பாசனத் தண்ணீரோடு கலந்து விட்டால் அது புல்லுக்கே திரும்பும். கூடவே மூன்று வரிசை கோ-4-க்கு ஒரு வரிசை வேலிமசால் நடலாம். அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் பயறுவகைத் தீவனம். இரண்டையும் சேர்த்தே அறுத்துப் போடலாம்.