சின்ன ரூமுக்கு எந்த ஸ்பீக்கர் பெட்டி?

சொந்தமா ஸ்பீக்கர் பெட்டி செய்ய இறங்குபவர்கள் முதலில் கேட்பது, "போர்ட் வைக்கலாமா, வேண்டாமா?" என்றுதான். போர்ட் என்றால் பெட்டியில் இருக்கும் அந்தக் குழாய் ஓட்டை. அது இருந்தா பேஸ் அதிகம் வரும் என்பது பொதுவான நம்பிக்கை. பெரிய ஹாலுக்கு அது சரி. பத்துக்குப் பன்னிரண்டு அடி ரூமில் கணக்கு வேற. பலகையை அறுத்த பிறகு மாத்துவது கஷ்டம், அதனால் கணக்கை முதலில் பார்த்துடுவோம்.

முதலில் ரூம். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். அதை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால், அறை தானாக முழங்கும் முதல் அதிர்வெண் வரும். 12 அடிக்கு (3.66 மீட்டர்) 47 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு 56. கூரை உயரமும் 10 அடி என்றால் இரண்டு 56-ம் ஒன்று சேர்ந்துக்கும். சில பேஸ் நோட் மட்டும் 'தொம்'முனு தனியா நிற்பது இதனால்தான். 47-க்குக் கீழே நிற்கும் அலைகளுக்கு அறையில் இடம் இல்லை. மொத்தக் காற்றும் ஒன்றாக அழுந்தி விரியும், பேஸ் கூடும். இதுதான் ரூம் கெயின். கதவு, ஜன்னல் இடுக்கு வழியே கொஞ்சம் கசிந்தாலும் மிச்சம் நமக்கு லாபம்.

இப்போ பெட்டி. மூடிய பெட்டியில் அடைபட்ட காற்றே ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும். எட்கர் வில்ச்சூர் 1954-ல் கொண்டுவந்த ஏஆர்-1 இந்த வகை. இதில் பேஸ் ஆக்டேவுக்கு 12 டெசிபெல் என்று நிதானமாக இறங்கும். போர்ட் பெட்டி, காலி பாட்டில் வாயில் ஊதுவது போல, ஓர் அதிர்வெண்ணில் கூடுதலாக ஒலிக்கும். அதற்குக் கீழே 24 டெசிபெல் வேகத்தில் சரியும். சின்ன டிரைவருக்கு அந்த அதிர்வெண்ணைப் பெரும்பாலும் 45-50 ஹெர்ட்ஸில் வைப்போம். நம்ம ரூம் முழங்குவதும் அங்கேதான்!

ஓர் உதாரணம். டிரைவரின் எஃப்எஸ் 45 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.4, வாஸ் 20 லிட்டர் என்று வைப்போம். வாஸைப் பெட்டி அளவால் வகுத்து, 1 கூட்டி, வர்க்கமூலம் எடுங்க. 10 லிட்டர் பெட்டிக்கு 1.73 வரும். அதை 0.4-ஆல் பெருக்கினால் 0.69; சமமான பேஸுக்குத் தேவையான 0.7-க்குப் பக்கம். 45-ஆல் பெருக்கினால் 78 ஹெர்ட்ஸ். பேஸ் இறங்க ஆரம்பிக்கும் இடம். உள்ளளவு 18 × 20 × 28 செ.மீ. இருந்தால் போதும். ஆசாரி வெட்டியதில் ஒரு லிட்டர் கூடிப்போனாலும் 0.69 என்பது 0.67 ஆகும், அவ்வளவுதான். போர்ட்டில் குழாயின் நீளம், விட்டம், பெட்டி அளவு மூணும் சேர்ந்து பொருந்தணும்.

இதில் ஒரு விலையும் உண்டு. இந்தப் பெட்டி 47 ஹெர்ட்ஸில் சுமார் 9 டெசிபெல் இறங்கியிருக்கும். சுவரை ஒட்டி வைத்தால் அதில் 6 வரை திரும்பக் கிடைக்கும். ஆனாலும் சினிமா வெடிச்சத்தம் நெஞ்சில் இடிக்கணும்னா இது போதாது. தனியா ஒரு சப்வூஃபர் வேணும்.

மிதமான சத்தத்தில் பாட்டு கேட்கத்தான் என்றால், சின்ன ரூமுக்கு என் ஓட்டு மூடிய பெட்டிக்கே. வாங்கப்போகும் டிரைவரின் க்யூடிஎஸ் 0.3-க்குக் கீழே இருந்தால் மட்டும் இந்தத் திட்டத்தை விட்டுடுங்க. அது போர்ட்டுக்குப் பிறந்த டிரைவர்.