‘ஒன்லி’ என்னும் ஆங்கில வினையடையும் தமிழின் ‘தான்’, ‘மட்டும்’ ஆகிய சொற்களும்

முன்னுரை

தமிழாய்வாளர் பலர் தம் ஆய்வுச் சுருக்கத்தை ஆங்கிலத்திலும் எழுத வேண்டியுள்ளது. அப்பணியில் பொருள் மயக்கம் விளைவிக்கும் சொற்களுள் ஒன்று ‘ஒன்லி’ என்னும் வினையடை. ‘மட்டும்’, ‘தான்’ ஆகிய இரண்டிற்கும் இவ்வொரு சொல்லையே ஈடாகக் கொள்வது அம்மயக்கத்திற்குக் காரணமாதலை இக்கட்டுரை விளக்குகிறது.

பொருள் நிலை

‘ஒன்லி’ வரையறைப் பொருளது; சுட்டியதைத் தவிர்த்த பிறவற்றை விலக்குவது. தமிழில் அப்பொருளுக்கு நேரானது ‘மட்டும்’. ஏகாரத்திற்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து பொருள்களைத் தொல்காப்பியர் இடையியலில் கூறுவார். இன்றைய ‘தான்’ அவற்றுள் தேற்றம், பிரிநிலை ஆகிய இரண்டையும் ஏற்று வருகிறது.

எண்ணையும் காலத்தையும் சார்ந்து வருமிடத்துத் ‘தான்’, ‘ஒன்லி’ ஆகியவை ஒத்துப்போகின்றன. ‘பத்துப்பேர்தான் வந்தனர்’, ‘நேற்றுத்தான் வந்தார்’ ஆகிய தொடர்களை ‘ஒன்லி’ கொண்டே பெயர்க்கலாம். இவ்வொற்றுமையை ஆளுக்கும் இடத்திற்கும் நீட்டும்போதே பிழை நேர்கிறது.

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழியில் இராமாநுசர் யாதவப்பிரகாசரிடம் பயின்றார் என்பது வைணவ மரபு. அவர் பயின்ற ஊர் காஞ்சி என்று கருதுவாரை மறுத்து, ‘இராமாநுசர் திருப்புட்குழியில்தான் பயின்றார்’ என ஒருவர் எழுதலாம். ஈண்டுத் ‘தான்’ இடத்தைத் தெளிவுறுத்துகிறது. இதனை ‘ஒன்லி’ இட்டுப் பெயர்த்தால், அவர் வேறெங்கும் பயிலவில்லை என்று ஆங்கில வாசகர் கொள்வர். திருக்கோட்டியூர் நம்பியிடம் அவர் பொருள் கேட்ட செய்தி அதனால் மறுக்கப்பட்டதாகிவிடும். இத்தகைய இடங்களில், ‘பயின்ற இடம் திருப்புட்குழியே’ என்னும் பொருள்பட ஆங்கிலத் தொடரைப் பிரித்தமைத்தலே பொருந்தும்.

இலக்கண நிலை

‘தான்’ தான் சிறப்பிக்கும் சொல்லின் பின் ஒட்டி வருவது. ‘ஒன்லி’ பெரும்பாலும் முன் வருவது. அது வினைக்கு முன் நிற்கும்போது எச்சொல்லை வரையறுக்கிறது என்பதைப் பேச்சில் அழுத்தம் காட்டும். எழுத்தில் அழுத்தம் புலப்படாது. எனவே வரையறுக்கப்படும் சொல்லுக்கு நேர் முன்னர் அதனை நிறுத்துதல் நன்று. அறிவிப்புப் பலகைகளில் அது பின் வருவதும் உண்டு. அங்கும் பொருள் ‘மட்டும்’ என்பதே. காலத்தொடருடன் வாக்கியத்தின் முதலில் வரின், துணைவினை எழுவாய்க்கு முன் செல்லும். இம்முறைமாற்றம் தமிழில் இல்லாமையால் மாணவர் இதனை விட்டுவிடுகின்றனர்.

முடிவுரை

ஆளையும் இடத்தையும் சார்ந்து ‘தான்’ வரும் தொடரில் ‘மட்டும்’ என்பதை இட்டுப் பார்த்தல் எளிய சோதனையாகும். பொருள் மாறாவிடின் ‘ஒன்லி’ பொருந்தும்; மாறின், அதனைத் தவிர்த்தலே ஆய்வுச் செய்திக்குக் காப்பு.