'சாட்சி தேவையில்லை'னு கோர்ட் சொல்லிட்டா..?

பாடி மேம்பாலத்துல இறங்கி, அம்பத்தூர் எஸ்டேட் பக்கமா ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க. லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியானு பெரிய கேட் போட்ட கம்பெனிகள்தான் முதல்ல கண்ணுல படும். அதையெல்லாம் தாண்டி சந்துக்குள்ள நுழைஞ்சா ரெண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், வாசல்ல தூங்கற ஒரு நாய்னு குட்டிக் குட்டிப் பட்டறைகள். இந்த உலகம் ரெண்டே விஷயத்துலதான் ஓடுது. ஒண்ணு டீ, இன்னொண்ணு செக்!

கடனுக்கு ராடு வேணுமா? செக் குடுங்க. செகண்ட் ஹேண்ட் மெஷினுக்கு ஃபைனான்ஸ் வேணுமா? செக் குடுங்க. அதுவும் எப்படி? தொகை எழுதாம, தேதி போடாம, வெறும் கையெழுத்தோட! 'சும்மா செக்யூரிட்டிக்குத்தான், பேங்க்ல போட மாட்டோம்'னு சொல்லித்தான் வாங்குவாங்க. சின்னப் பட்டறைக்காரங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள்ள பணத்தை செட்டில் பண்ணணும்னு 2006-ம் வருஷச் சட்டம் ஒண்ணு சொல்லுது. (அது எந்த லட்சணத்துல நடக்குதுங்கறது தனிக் கட்டுரை!) பில் பாஸாகற வரைக்கும் சம்பளம் போடணுமே... கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறாங்க.

இப்போ அந்தப் பட்டறை உங்க அப்பாவோடதுனு ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க. கடனைக் கையில ரொக்கமா அடைச்சாச்சு. செக்கை மட்டும் திருப்பி வாங்கலை. ரெண்டு வருஷம் கழிச்சு அதே செக், அஞ்சு லட்சம்னு எழுதப்பட்டு பேங்குக்குப் போகுது. பவுன்ஸ்! வக்கீல் நோட்டீஸ் வருது. 15 நாளுக்குள்ள பணம் தரலைனா, மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவுல கேஸ். தண்டனை, ரெண்டு வருஷம் வரை ஜெயில் அல்லது செக் தொகையில ரெண்டு மடங்கு வரை அபராதம். ரெண்டும் சேர்ந்தும் வரலாம்.

'குற்றத்தை நிரூபிக்க வேண்டியது கேஸ் போட்டவர்தானே? நாம ஏன் டென்ஷன் ஆகணும்?'னு நீங்க கேட்கலாம். சினிமாவுல பார்த்தது அப்படித்தான். ஆனா, செக் கேஸ்ல கதையே தலைகீழ். கையெழுத்து உங்களோடதுதானா, அப்போ ஒரு கடனுக்காகத்தான் கொடுத்திருப்பீங்கனு சட்டமே முதல்ல அனுமானிச்சுக்குது. இல்லைனு காட்ட வேண்டியது உங்க பொறுப்பு. வெத்து செக்கா இருந்தாலும், நீங்களா கையெழுத்துப் போட்டு விருப்பப்பட்டுக் கொடுத்திருந்தா இந்த அனுமானம் பொருந்தும்னு 2019-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ஸோ, உங்க பக்கம் ஒரு சாட்சி இல்லைனா ஆட்டம் குளோஸ்.

(பை த வே, நம்ம ஊர் கோர்ட் தமிழ்ல குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பேரு என்ன தெரியுமா? 'எதிரி'! தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே எதிரி. நல்லா இருக்குல்ல?)

கேஸ் போட்டவர் தரப்பு சாட்சிகள் முடிஞ்சதும் மாஜிஸ்ட்ரேட் எதிரிகிட்ட கேள்வி கேட்பார். அப்போ கேட்கற ஒரு கேள்வி, 'உங்க தரப்புல சாட்சி இருக்கா?' அப்பா என்ன சொல்வார்? 'நான் பணத்தைத் திருப்பிக் கொடுத்தப்போ பக்கத்துல ஒருத்தர் இருந்தார், அவரைக் கூப்பிடுங்க. செக்ல தொகை எழுதினது என் கை இல்லை, எக்ஸ்பர்ட்கிட்ட அனுப்பிப் பாருங்க'. இதுக்கு ஒரு பெட்டிஷன் போடறாங்க. 'வழக்கை இழுத்தடிக்கத்தான் இதெல்லாம்... டிஸ்மிஸ்ட்!' அடுத்த மாசம் தீர்ப்பு. தண்டனை!

அப்பா கதை கற்பனைதான். ஆனா, இந்த மாதிரி ஒரு மறுப்பு தமிழ்நாட்டுலேயே நிஜமா நடந்திருக்கு.

கல்யாணி பாஸ்கர் எதிர் எம்.எஸ்.சம்பூரணம். சட்டக் கல்லூரி ஃப்ரெண்ட்ஸ் யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க, இந்தப் பேர் தெரிஞ்சிருக்கும். இதுவும் செக் கேஸ்தான். செக்ல இருக்கற கையெழுத்து நிஜம்தானானு கையெழுத்து நிபுணர்கிட்ட அனுப்பிப் பார்க்கணும்னு எதிரி தரப்பு கேட்டது. மாஜிஸ்ட்ரேட் முடியாதுனுட்டார். சென்னை ஹைகோர்ட்டும் கைவிரிச்சிடுச்சு. விஷயம் டெல்லிக்குப் போக, 2006 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் அந்த ரெண்டு உத்தரவையும் ரத்து செஞ்சது. தன் தரப்பு சாட்சியத்தைக் கொண்டுவர்றது எதிரிக்கு உள்ள மதிப்புமிக்க உரிமை, அதை மறுத்தா அந்த விசாரணையே நியாயமான விசாரணை இல்லைங்கறதுதான் தீர்ப்போட சாரம்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு பாயின்ட். இவங்க தண்டனை வர்ற வரைக்கும் காத்திருக்கலை. பெட்டிஷன் தள்ளுபடியான உடனேயே மேலே போயிட்டாங்க. நிறைய பேர் 'தீர்ப்பு வரட்டும், அப்பீல்ல பார்த்துக்கலாம்'னு விட்டுடறாங்க. என்னைக் கேட்டா, அது அரியரை ஃபைனல் இயர்ல கிளியர் பண்ணிக்கலாம்னு விடற மாதிரிதான்!

2013-ல் நடாஷா சிங் எதிர் சி.பி.ஐ. வழக்குலயும் இதே பிரச்னை. மூணு சாட்சிகளை விசாரிக்கணும்னு எதிரி தரப்பு கேட்க, விசாரணை கோர்ட்டும் டெல்லி ஹைகோர்ட்டும் மறுத்துட்டாங்க. அவங்க வந்து என்ன சொல்லப் போறாங்கனு கேட்கறதுக்கு முன்னாடியே, அதோட மதிப்பை நீங்களே எப்படி முடிவு பண்ணலாம்னு சுப்ரீம் கோர்ட் கண்டிச்சது. விடையைத் திறந்து பார்க்காமலே முட்டை போட்ட வாத்தியார் மாதிரினு வெச்சுக்குங்க.

அதுக்காக மாஜிஸ்ட்ரேட்டையே வில்லன் ஆக்கிட வேண்டாம். அவர் டேபிள்ல கட்டுக்கட்டா செக் கேஸ் கிடக்கும். வாய்தா வாங்கறதுக்காகவே 'எக்ஸ்பர்ட் வேணும்'னு பெட்டிஷன் போடறவங்களும் ஜாஸ்தி. அதனாலதான் சட்டம் அவருக்கு ஒரு அதிகாரம் கொடுத்திருக்கு. தொல்லை கொடுக்கவோ, இழுத்தடிக்கவோ, நீதியைக் கெடுக்கவோதான் சாட்சியைக் கேட்கறாங்கனு தோணினா மறுக்கலாம். ஆனா, ஏன் மறுக்கறார்ங்கற காரணத்தை எழுத்துல பதிவு செய்யணும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல இது 243-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்துல 266. 'எழுத்துல'ங்கற அந்த ஒரு வார்த்தையை மனசுல வெச்சுக்குங்க. மொத்த அப்பீலும் அதுலதான் தொங்குது.

நம்ம டிபார்ட்மென்ட் மேட்டர் ஒண்ணு. 'மை எத்தனை வருஷம் பழசுனு டெஸ்ட் பண்ணுங்க, செக் எப்போ எழுதினதுனு தெரிஞ்சிடும்'னு நிறைய பேர் கேட்கறாங்க. 2008-ல் கர்நாடகாவிலிருந்து வந்த ஒரு வழக்குல, வெத்து செக்கைத் தப்பா நிரப்பிட்டாங்கனு சொன்னவருக்கு அதைத் தடயவியல் பரிசோதனைக்கு அனுப்பற வாய்ப்பைக் கொடுக்கணும்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஆனா, 2010-ல் சென்னை ஹைகோர்ட் தடயவியல் துறை ஆட்கள்கிட்டயே விசாரிச்சப்போ, மையோட வயசைத் துல்லியமா சொல்ற விஞ்ஞான முறை எங்ககிட்ட இல்லைனு பதில் வந்தது. ஆக, உரிமை இருக்கு, மெஷின் இல்லை! உங்க ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு ஐடியா தேடறீங்களா பாஸ்?

சரி, எல்லாம் கைமீறிப் போய் தண்டனையே வந்தாச்சு. சாட்சியை விடலைங்கற ஒரே காரணத்தை வெச்சு அதை உடைக்க முடியுமா? உடைச்சுக் காட்டின கேஸ் அமெரிக்காவுல இருக்கு.

1964 ஆகஸ்ட், டல்லாஸ் நகரம். ஜாக்கி வாஷிங்டன்னு 18 வயசுப் பையன். நம்ம ஃபர்ஸ்ட் இயர் வயசு! காதலிச்ச பொண்ணு இன்னொரு பையனோட பழகறானு பொறாமை. நாலஞ்சு பசங்களோட அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போறான். கூட வந்த சார்லஸ் ஃபுல்லர் கையில துப்பாக்கி. துப்பாக்கி வெடிக்குது, அந்த இன்னொரு பையன் காலி. 'நான் ஃபுல்லரைத் தடுத்தேன், வா போயிடலாம்னு இழுத்தேன், சுடறதுக்கு முன்னாடியே ஓடிட்டேன்'ங்கறான் ஜாக்கி. இதை உறுதிப்படுத்தக்கூடிய ஒரே ஆள், ஏற்கெனவே 50 வருஷத் தண்டனை வாங்கி உள்ளே இருந்த அதே ஃபுல்லர். அவரும் சாட்சி சொல்ல ரெடி!

ஆனா, டெக்சாஸ்ல அப்போ ஒரு விசித்திரமான சட்டம். ஒரே குற்றத்துல சம்பந்தப்பட்டவங்க ஒருத்தருக்கு ஒருத்தர் சாட்சி சொல்லக் கூடாது. பொய் சொல்லிக் காப்பாத்திக்குவாங்களாம். அதே ஆள் அரசுத் தரப்புக்கு சாட்சி சொன்னா மட்டும் ஓ.கே.! ஃபுல்லரைக் கூண்டுல ஏத்தவே இல்லை. ஜாக்கிக்கும் 50 வருஷம்.

1967 ஜூன் 12-ம் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அந்தத் தண்டனையை ரத்து செஞ்சது. தீர்ப்பை எழுதினவர் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன். எதிரிக்குத் தன் சாட்சியைக் கூண்டுக்குக் கொண்டுவர உரிமை இருக்கு, ஒரு குரூப்பையே 'பொய்யனுங்க'னு முத்திரை குத்தி சட்டம் வாயை அடைக்க முடியாதுனு சொன்னார். உள்ளே ஒரு நுணுக்கம் இருக்கு. ஃபுல்லர் வந்திருந்தா என்ன சொல்லியிருப்பார்ங்கறது கேஸ் கட்டுலயே பதிவாகி இருந்தது. அதனாலதான் மேல் கோர்ட்டால நஷ்டத்தை எடை போட முடிஞ்சது. அந்தப் பக்கம் மட்டும் இல்லைனா, 'அவர் வந்து என்ன சொல்லியிருப்பாரோ, யாருக்குத் தெரியும்?'னு ஃபைலை மூடியிருப்பாங்க.

இதோட மறுபக்கம் சிகாகோவுல. ரே டெய்லர்னு ஒருத்தர் மேல கொலை முயற்சி வழக்கு. விசாரணையோட ரெண்டாவது நாள் அவர் வக்கீல் திடீர்னு புது சாட்சி பேரைச் சொல்றார். 'இப்போதான் ஆள் கிடைச்சார்'ங்கறார். ஜட்ஜ் சாட்சியைத் தனியா விசாரிச்சா, போன வாரமே வக்கீல் அவரை வந்து பார்த்தது வெளியே வந்துடுச்சு. சாட்சிக்குத் தடா! 1988-ல் சுப்ரீம் கோர்ட் 5-3னு அந்தத் தடை சரினு சொல்லிடுச்சு. வக்கீல் விளையாடினார், கட்சிக்காரர் ஜெயிலுக்குப் போனார். எனக்கு இந்தத் தீர்ப்பு இன்னும் ஜீரணமாகலை. மூணு ஜட்ஜுகளுக்கும் ஆகலை.

நம்ம ஊருக்கு வருவோம். மாஜிஸ்ட்ரேட் கொடுத்த தண்டனைக்கு எதிரா செஷன்ஸ் கோர்ட்டுக்கு அப்பீல் போக 30 நாள்தான் டைம். செக் கேஸ்ல அபராதம் அல்லது இழப்பீட்டுல குறைஞ்சது 20 சதவிகிதத்தைக் கட்டச் சொல்ல அப்பீல் கோர்ட்டுக்கு 2018 முதல் அதிகாரம் உண்டு. அங்கே போய் 'என் சாட்சியை விடலை'னு மட்டும் சொன்னா வேலைக்கு ஆகாது. சின்னச் சின்ன நடைமுறைத் தப்புக்காகத் தீர்ப்பை மாத்தக் கூடாது, அதனால நீதி கெட்டுப்போச்சுனு காட்டணும்னு சட்டத்துலயே இருக்கு. சாட்சி பேரோட பெட்டிஷன் போட்டீங்களா? அவர் என்ன சொல்லப் போறார்னு அதுல எழுதினீங்களா? மறுத்த உத்தரவுல காரணம் இருக்கா? ஜட்ஜ் கண்ணு தேடறது இதைத்தான். வாய்லயே கேட்டு வாய்லயே மறுத்திருந்தா, கேஸ் கட்டைப் பொறுத்தவரை நீங்க கேட்கவே இல்லை!

ஜெயிச்சா நேரா விடுதலைனு நினைச்சுடாதீங்க. பெரும்பாலும் 'அந்த சாட்சியை விசாரிச்சுட்டு மறுபடி தீர்ப்பு சொல்லுங்க'னு கேஸ் கீழே திரும்பும். அப்பீல் கோர்ட்டே கூடுதல் சாட்சியம் எடுக்கவும் வழி இருக்கு. இது எதிரிக்கு மட்டும் உள்ள சலுகை இல்லை. குஜராத் பெஸ்ட் பேக்கரி வழக்குல பாதிக்கப்பட்டவங்க பக்கம் கூடுதல் சாட்சியத்தை ஹைகோர்ட் ஏத்துக்காததைத் தப்புனு சொல்லி, 2004-ல் சுப்ரீம் கோர்ட் வழக்கையே மகாராஷ்டிராவுல புதுசா நடத்தச் சொன்னதே... அங்கே பேசப்பட்டதும் இந்தப் பிரிவுதான்.

வக்கீல் வைக்க வசதி இல்லைனா, சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு. பெண்களுக்கும் காவல்ல இருக்கறவங்களுக்கும் வருமானம் பார்க்காம இலவச வக்கீல் தரணும்னு சட்டம். 15100-க்கு போன் போடலாம்.

ஜெயில் தண்டனைனா தீர்ப்போட காப்பியை உடனே இலவசமா கொடுத்துடுவாங்க. சாட்சியை மறுத்த உத்தரவோட காப்பி தானா வராது. அதுக்குத் தனியா காப்பி அப்ளிகேஷன் போடணும். தள்ளுபடி ஆன அன்னிக்கே போட்டுடுங்க.