வீட்டுக்குள் அடிக்கக் கூடாத கிளியர் கோட்

பைக் டேங்க், ஹெல்மெட், கித்தார், கொலு பொம்மை, சுவரில் மாட்டும் மரப்பலகை என்று ஏர்பிரஷ் வேலை இன்று மொட்டை மாடியிலும் பால்கனியிலும் நடக்கிறது. கைக்கடக்கமான கம்ப்ரஸர் எளிதில் கிடைக்கிறது. கற்றுக்கொடுக்கும் வீடியோக்களுக்கும் பஞ்சமில்லை. படம் முடிந்ததும் எல்லோரும் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: மேலே என்ன கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) அடிப்பது? வண்டிப் பெயின்ட் கடையில் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "2கே அடிங்க சார், கண்ணாடி மாதிரி நிக்கும்."

கண்ணாடி மாதிரி நிற்பது உண்மை. அதை வீட்டில் அடிக்கக் கூடாது என்பதும் உண்மை.

2கே என்றால் இரண்டு டப்பா. ஒன்றில் கிளியர், இன்னொன்றில் ஹார்டனர். அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட் வகை வேதிப்பொருள். வண்டிப் பெயின்டில் பெரும்பாலும் எச்.டி.ஐ. எனப்படும் ஹெக்ஸாமெத்திலீன் டைஐசோசயனேட்டும் அதிலிருந்து தயாரிக்கப்படும் பொருள்களும். 1984-ல் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டும் ஒன்றல்ல, எச்.டி.ஐ. அப்படி வாயுவாகப் பொங்கி ஊரைச் சூழ்ந்துவிடாது. ஆனால் ஸ்பிரே கன் முனையில் பனித்துளியாகச் சிதறும்போது நேராக நுரையீரலுக்குள் போகிறது. சிலருக்கு நுரையீரல் அதை எதிரியாக அடையாளம் கண்டு ஒவ்வாமை கொள்கிறது. ஒருமுறை அப்படி ஆகிவிட்டால், பிறகு மிகமிகக் குறைந்த அளவும் ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். யாருக்கு வரும், எத்தனையாவது முறையில் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இரண்டு வருடமாக அடிக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை என்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது.

இதில் மூக்கை நம்புவதுதான் பெரிய ஆபத்து. பெயின்ட் அடிக்கும்போது நமக்கு வரும் நெடி தின்னருடையது. எச்.டி.ஐ.க்கு அமெரிக்கத் தொழில்நலப் பரிந்துரை வகுத்திருக்கும் வரம்பு, நூறு கோடிப் பங்கு காற்றில் 5 பங்கு. அந்த அளவில் அதன் வாடை தெரியாது. நெடி அடங்கிவிட்டது, கதவைத் திறக்கலாம் என்று நாம் நினைக்கும் நேரத்திலும் கண்ணுக்குத் தெரியாத துளிகள் அறையில் மிதந்துகொண்டிருக்கலாம். என்95 முகக்கவசம் துளியைத்தான் தடுக்கும், ஆவியை அல்ல. கரி வடிகட்டி வைத்த கவசம் ஓரளவு உதவும். ஆனால் வடிகட்டி தீர்ந்துபோனதை நமக்குச் சொல்ல வாடை இல்லையே! அதனால்தான் முறையான பெயின்டிங் பூத்களில் வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தமான காற்று வரும் கவசத்தைப் போட்டுக்கொண்டு அடிக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் முதல், டைஐசோசயனேட் 0.1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருளைத் தொழிலுக்காகக் கையாள்பவர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டம். நம் நாட்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் அறிவிக்கத்தக்க நோய்ப் பட்டியலிலும் ஐசோசயனேட் நச்சு இடம்பெற்றது. ஆனால் வீட்டு பால்கனிக்கு எந்த ஆய்வாளரும் வரப்போவதில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை மூச்சிழுக்கும் காற்றும் அதே காற்றுதான்.

அடியில் ஒரு பொத்தானை அழுத்தி உடைத்துக் குலுக்கி அடிக்கும் 2கே ஸ்பிரே டப்பாக்களும் பெரும்பாலும் இதே ஹார்டனரைத்தான் கொண்டிருக்கின்றன. டப்பா சின்னது என்பதால் சரக்கு மாறிவிடாது.

அப்படியானால் வீட்டில் எதை அடிப்பது? மரப்பலகை, கேன்வாஸ், பொம்மை போன்றவற்றுக்கு ஒரே பாட்டிலில் வரும், தண்ணீர் வகை அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன் வார்னிஷ் போதும். முடிந்தால் கன்னைத் தொடாமல், மெல்லிய அகலத் தூரிகையால் பூசுங்கள். துளியே பறக்காதபோது பாதி ஆபத்து போய்விடுகிறது. கீழே உள்ள நிறம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே கூடுதல் நேரம் விடாவிட்டால் பால்போல் மங்கும். தண்ணீர் வகை என்பதாலேயே மூச்சில் இழுக்கலாம் என்று பொருளில்லை. கன்னால் அடித்தால் என்95 அவசியம். தண்ணீர் வகையிலும் இரண்டாவது பாட்டில் ஒன்று சேர்த்து விற்கப்பட்டால் உடனே உஷாராகுங்கள்: அதிலும் ஐசோசயனேட் இருக்கலாம்.

ஒற்றை டப்பா அக்ரிலிக் லேக்கர் ஸ்பிரேயில் ஐசோசயனேட் இல்லை. தீ ஆபத்து உண்டு. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும். பூஜை விளக்கு, ஊதுபத்தி, கேஸ் அடுப்பு எரியும் வீட்டுக்குள் அதை அடிக்கவே கூடாது. திறந்த மாடியில் மட்டும் அடியுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அருகில் இருக்கக் கூடாது.

பைக் டேங்க் விஷயம் வேறு. பெட்ரோல் சிந்தும் இடத்தில் ஒற்றைப் பாட்டில் வார்னிஷ் தாங்காது. எனவே படத்தை வீட்டில் வரையுங்கள், கிளியரை மட்டும் பூத் உள்ள கடையில் அடித்து வாங்குங்கள். அங்கே அடிப்பவருக்குக் காற்றுக்குழாய்க் கவசம் கொடுத்திருக்கிறார்களா என்றும் ஒரு கண் பாருங்கள். நம் நுரையீரலைக் காப்பாற்ற இன்னொருவருடையதைக் கொடுப்பது நியாயமில்லை. ஹெல்மெட்டுக்கோ, தயாரிப்பாளர் அனுமதிக்காத எந்தப் பூச்சும் வேண்டாம். கரைப்பான் ஓட்டைப் பலவீனமாக்கிவிடும், வெளியே தெரியாது.

வாங்கும்போது பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேளுங்கள். 16 பிரிவுகள் கொண்ட அதில் மூன்றாவது பிரிவு உள்ளடக்கம். 28182-81-2 அல்லது 822-06-0 என்ற எண்ணோ, எச் 334 என்ற எச்சரிக்கைக் குறியோ இருந்தால் அந்த டப்பா வீட்டுக்கு வேண்டாம். ஹார்டனரைப் பெயரில்லாத பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

அடித்த அன்று இரவு இருமலோ, நெஞ்சு இறுக்கமோ, இழுப்போ வந்தால் சளி என்று விட்டுவிட வேண்டாம். சில மணி நேரம் கழித்தும் பாதிப்பு வெளிப்படலாம். மூச்சுத் திணறினால் 108. மருத்துவரிடம் "2கே பெயின்ட் அடித்தேன்" என்று சொல்லி லேபிளையும் காட்டுங்கள்.

உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்தான பொருள்களின் விற்பனையிலிருந்து பாதுகாப்புப் பெறும் உரிமையை 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்திருக்கிறது. போதிய எச்சரிக்கையும் பயன்படுத்தும் முறையும் தராத பொருளால் பாதிப்பு நேர்ந்தால், தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்கலாம். எச்சரிக்கை அச்சிட்டிருந்தும் நாம் மீறியிருந்தால் வழக்கு பலவீனப்படும். படம் வரைந்து விற்றுப் பிழைப்பவரும், அது சுயதொழிலாக இருக்கும்வரை, இச்சட்டப்படி நுகர்வோரே. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. பில், காலி டப்பா, மருத்துவச் சீட்டு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். புகாருக்கான காலக்கெடு 2 ஆண்டுகள்.